குன்பெய் யோக்கோயார் வரலாறு

வேந்தர், வீரர், புலவர், துறவியர் ஆகிய பெருமக்களின் வரலாறுகளே ஆண்டு மலர்களில் இடம்பெறுதற்கு உரியன என்பது நம்மவர் பலருடைய கருத்து. சிறுவர் விளையாடும் பொருள்களைச் செய்தே தம் வாழ்நாளைக் கழித்த ஒருவரது வரலாற்றை யாம் எழுதப் புகுந்தமை கண்டு சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும், ஒருவர் எத்தொழிலைச் செய்தார் என்பதைக் காட்டிலும், அத்தொழிலை எவ்வாறு செய்தார் என்பதே ஆராயத்தக்கது. அம்முறையில் நோக்குவார்க்கு, ஜப்பான் நாட்டுக் குன்பெய் யோக்கோயாரின் வாழ்க்கை, கல்லூரியிற் பயிலும் இளைஞர்க்குப் பாடநூல்கள் எளிதில் தாராத ஒரு படிப்பினையைத் தருவதாகும்.

யாம் பிறந்த ஊர் செய்யூர். கந்தசாமி கோயிலும் உப்பளங்களும் கழியும் உடைய அவ்வூரிலிருந்து மேற்படிப்பை நாடிப் புறப்படும் மாணவர், மதுராந்தகம் வரை பேருந்திலும், பின்னர் இரயிலிலும் நெடுநேரம் செல்லவேண்டியவராவர். அவ்வழியிற் செல்லும் இளைஞரை உற்று நோக்கினால், அவருட் பலர் தம் கைத்தொலைபேசியைக் குனிந்து நோக்கி விளையாடிக்கொண்டிருத்தலைக் காணலாம். அவர் ஆடும் ஆட்டங்களுள் ஒருவகை எம் கருத்தைக் கவர்ந்தது. அதில் ஒரு சிறு வீரன் காடும் மலையும் கடந்து செல்கின்றான். வழியில் வாள், மருந்து, திறவுகோல் முதலிய பொருள்களைத் திரட்டிப் பையில் இட்டுக்கொள்கின்றான். பகை எதிர்ப்படின், இருவரும் ஒருசேரப் பாயாமல், ஒருவர் அடித்தபின் மற்றவர் அடிப்பாராய், முறைவைத்துப் போர் புரிகின்றனர்.

முறைவைத்து ஆடுதல் நமக்குப் புதிதன்று. ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும் அவ்வினத்தனவே. சதுரங்கமும் அத்தகையதே. 2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, எம் ஊருக்கு வடக்கே, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-ஆம் உலகச் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றபோது, நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாட்டினர் வந்து முறைப்போர் புரிந்தமையை நம் கடற்கரை கண்டது. அத்தகைய போரைக் கையில் அடங்கும் பெட்டியொன்றனுள் வைத்து, வண்டியிற் செல்லும் சிறுவனும் இருந்த இடத்திலிருந்தே ஆடுமாறு வழி திறந்தவர்களுள் தலையாயவர் யோக்கோயார்.

பிறப்பும் கல்வியும்

யோக்கோயார் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், ஜப்பானின் பழந்தலைநகராகிய கியோட்டோவிற் பிறந்தார். அவர் பிறந்து மூன்று திங்கள் நிறைவதற்குள் அவர் நாடு அமெரிக்காவோடு பெரும்போரில் இறங்கியது. அப்போரில் ஜப்பானின் பிற பெருநகரங்கள் பல எரிந்தழிந்தன. கியோட்டோவோ பெரும்பாலும் அழிவினின்றும் தப்பியது. பட்டுநெசவும் மட்பாண்டமும் மரவேலையும் வழிவழியாக நிலைபெற்ற அந்நகரிலேயே யோக்கோயார் வளர்ந்தார். தம் கல்வியையும் தொழிலையும் அந்நகரை விட்டகலாமலே நடத்தினார்.

அவர் பயின்ற கல்லூரி தோஷிஷா என்பது. கிறிஸ்தவ சங்கத்தாரால் நிறுவப்பெற்ற கல்லூரிகளிற் பயில்வோர் இதன் வரலாற்றை அறிந்தால் உவகையுறுவர். ஜப்பானியர் தம் நாட்டை விட்டு வெளியேறுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த 1864-ஆம் ஆண்டில், நீஜிமா ஜோ என்னும் இளைஞர் மறைவாகக் கப்பலேறி அமெரிக்கா சென்று, ஆம்ஹர்ஸ்டு கல்லூரியிற் கற்றுத் தேர்ந்து, தாயகம் மீண்டு, 1875-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் சபையாரின் துணையோடு கியோட்டோவில் நிறுவிய கல்விச்சாலையே தோஷிஷாவாகும். அச்சபையே 1816-இல் யாழ்ப்பாணத்திலும், 1834-இல் மதுரையிலும் தன் பணியைத் தொடங்கியது. எனவே, யோக்கோயார் பயின்ற கல்லூரிக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றுக்கும் உறவுமுறை உண்டு எனல் மிகையாகாது.

யோக்கோயார் அங்கு மின்னியல் துறையிற் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் வகுப்பில் முதல்வரிசையில் நின்றவரல்லர். பட்டம் பெற்றபின் பெரிய மின்பொருள் நிறுவனங்களில் வேலை நாடினார். அவருக்கு இடம் கிடைத்திலது. உள்ளூரிலேயே இருந்த நிறுவனமொன்று அவரை ஏற்றது. அதன் பெயர் நிண்டெண்டோ.

சீட்டுத் தொழிற்சாலையில்

இந்நாளில் நிண்டெண்டோ என்ற மாத்திரத்தே மின்னணு ஆட்டங்களே நினைவுக்கு வரும். 1965-ஆம் ஆண்டில் யோக்கோயார் அங்குச் சேர்ந்தபோதோ, அது சீட்டு அச்சிடும் தொழிற்சாலையாகவே இருந்தது. 1889-ஆம் ஆண்டில் புசஜிரோ யமவுச்சி என்பவர் கியோட்டோவில் அதனைத் தொடங்கி, மலர்களின் படம் தீட்டிய ஹனஃபுடா என்னும் சீட்டுகளைச் செய்து விற்றார். அச்சீட்டுகளை மிகுதியாக வாங்கியோர் சூதாடிகள். குழந்தைகளின் உள்ளத்தை ஆளவிருந்த நிறுவனம், சூதாடுமிடத்தின் தேவையால் வளர்ந்தது என்பது எண்ணத்தக்கது.

அந்நிறுவனத்தில் யோக்கோயாருக்குக் கிடைத்த வேலை பெருமைக்குரியதன்று. சீட்டுகளைச் செய்யும் பொறிகள் பழுதின்றி ஓடுகின்றனவா என்று மேற்பார்த்தலும், பழுதுற்றால் செப்பனிடுதலுமே அவர் கடமை. பட்டதாரியொருவர் வாழ்நாள் முழுதும் செய்தற்கு அஃது ஏற்றதன்று என்று பலரும் எண்ணுவர். யோக்கோயாரோ சோர்ந்திலர். கடமை போக எஞ்சிய நேரத்தில், ஆலையிலிருந்த கடைசல் பொறியைக் கொண்டு தம் மனம்போன போக்கில் சிறு சிறு பொருள்களைச் செய்துவந்தார்.

அவற்றுள் ஒன்று நீளும் கை. குறுக்கு மறுக்காகப் பிணைத்த சட்டங்களால் ஆகிய அக்கருவியின் பிடியை நெருக்கினால், சட்டங்கள் நீண்டு சென்று, முனையிலுள்ள பற்றுகுறடு தொலைவிலுள்ள பொருளைக் கவ்வும். 1966-ஆம் ஆண்டில் ஆலையைப் பார்வையிட வந்த தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் அது பட்டது. தலைவர் தம்மை அழைத்ததும், வேலை நேரத்தில் விளையாடியதற்காகத் தண்டனை கிடைக்கும் என்றே யோக்கோயார் அஞ்சினார். தலைவர் கூறியதோ வேறு. அதனை விற்பனைப் பொருளாக ஆக்குமாறு அவர் பணித்தார்.

தலைவர் அவ்வாறு பணித்தமைக்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் சீட்டு வாணிகம் தளர்ந்திருந்தது. வாடகை மோட்டார் வண்டி, விரைவிற் சமைக்கும் சோறு முதலியவற்றிலெல்லாம் நிறுவனம் முயன்று பார்த்திருந்தது. எதுவும் நிலைத்த பயன் தந்திலது. அந்நிலையில் அல்ட்ரா ஹாண்ட் என்னும் பெயரோடு வெளிவந்த நீளும் கை, 12 லட்சத்திற்கு மேல் விற்றது. செப்பனிடுவோராகப் புகுந்தவர் பொம்மை ஆக்குவோராக உயர்ந்தார். சீட்டு ஆலை விளையாட்டுப்பொருள் ஆலையாயிற்று. வீட்டிற்குள்ளேயே பந்தெறியும் பொறி, இருவர் கைகோத்தால் முள் அசையும் காதல் அளவி, ஒளி பட்டால் இலக்கு விழும் துப்பாக்கி எனப் பல பொருள்கள் அவர் கையினின்றும் அடுத்தடுத்து வெளிவந்தன.

இரயிலிற் கண்ட காட்சி

ஒருநாள் யோக்கோயார் விரைவு இரயிலிற் சென்றுகொண்டிருந்தார். அருகே அலுவலர் ஒருவர் பொழுது போகாமல், தம்மிடமிருந்த கணக்குப்பொறியின் பொத்தான்களை வாளா அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தார். பிறர் அறியாதவாறு பொழுதுபோக்க உதவும் ஒரு சிறு கருவி இருந்தால் எத்துணை நலமாகும் என்று யோக்கோயார் எண்ணினார். எண்ணியதோடு நின்றிலர். பின்னொரு நாள் தலைவரின் வண்டியோட்டி வாராமையால், வண்டியோட்டத் தாமே செல்ல நேர்ந்தது. வழியில் இக்கருத்தைப் பேச்சோடு பேச்சாகத் தலைவரிடம் தெரிவித்தார். அன்று தலைவர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஷார்ப் நிறுவனத் தலைவரும் இருந்தார். கணக்குப்பொறி செய்வதில் பேர்பெற்ற நிறுவனம் ஷார்ப். யோக்கோயார் பேச்சுவாக்கிற் சொன்னது செயலாயிற்று.

இவ்விடத்து யோக்கோயாரின் கொள்கையை விளக்குதல் வேண்டும். 1970-களில் கணக்குப்பொறி செய்யும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொண்டே வந்தன. அதனால், அப்பொறிகளில் எண்களைக் காட்டும் நீர்மப் படிகத் திரையும், அதனை இயக்கும் சில்லும் மிக மலிவாகிவிட்டன. அவற்றின் குறைநிறைகளும் பொறியாளர் அனைவர்க்கும் தெரிந்தனவாயின. இத்தகைய நிலையை அடைந்த தொழில்நுட்பத்தைக் காய்ந்து முதிர்ந்தது என்று யோக்கோயார் கருதினார். புதிதாக வந்த நுட்பத்தின் பின்னால் ஓடுதல் பெருஞ்செலவையும் எதிர்பாராத பழுதையும் தரும். முதிர்ந்த நுட்பத்தை அது பிறந்த துறையினின்றும் பெயர்த்து, எவரும் நினையாத வேறொரு துறையிற் பயன்படுத்தினால், மலிவும் உறுதியும் புதுமையும் ஒருங்கே கிட்டும் என்பது அவர் துணிபு. பச்சை மரத்தில் தச்சன் கதவு செய்யான். செய்தால் நாளடைவில் கோணும். ஆண்டுபல காய்ந்த மரமே நிலைக்கு ஆகும். யோக்கோயாரும் அத்தச்சனைப் போன்றவரே.

1980-ஆம் ஆண்டு ஏப்ரலில் கேம் அண்ட் வாட்ச் என்னும் கைக்கருவி வெளிவந்தது. அது கடிகாரமும் ஆட்டமும் ஒன்றாகியது. ஒரு கருவிக்கு ஓர் ஆட்டமே. அதன் வரிசை 1991 வரை நீடித்து, உலகெங்கும் 4 கோடிக்கு மேல் விற்றது. 1982-இல் வந்த டாங்கி காங் என்னும் கருவிக்காக, யோக்கோயார் சிலுவை வடிவமான தட்டையான பொத்தான் ஒன்றை அமைத்தார். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோல், மடித்து வைக்கும் சிறு கருவிக்கு ஒவ்வாது. அதற்கு மாறாக, இடக்கைப் பெருவிரல் ஒன்றே மேல் கீழ் இடம் வலம் என நாற்றிசையையும் ஆளுமாறு அப்பொத்தான் அமைந்தது. வீட்டு ஆட்டக் கருவிகளின் கைப்பிடிகளில் இன்றும் காணப்படும் நாற்றிசைப் பொத்தான் அதன் வழித்தோன்றலே.

இளையோரை ஊக்குவித்தலிலும் யோக்கோயார் பின்னிற்கவில்லை. 1981-இல் டாங்கி காங் என்னும் ஆட்டம் முதன்முதலாக உருவானபோது, அதனைப் புனைந்த இளைஞர் ஷிகெரு மியமொத்தோவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் இவரே. அவ்விளைஞர் பின்னாளில் உலகப்புகழ் எய்தினார்.

கேம் பாய்

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கேம் பாய் என்னும் கைப்பெட்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. யோக்கோயார் தலைமையிலிருந்த முதல் ஆராய்ச்சிப் பிரிவினர் அதனை ஆக்கினர். சத்தோரு ஒக்கடா என்னும் பொறியாளரின் பங்கும் அதிற் பெரிது. எளிய மலிவான பொருளே போதும் என்பது யோக்கோயாரின் நாட்டம். ஆட்டங்களை மாற்றி மாற்றிச் செருகத்தக்க ஆற்றல்மிக்க கருவியாதல் வேண்டும் என்பது ஒக்கடாவின் வாதம். இருவர் கருத்தும் கலந்தே கேம் பாய் உருவாயிற்று. தலைவர் ஒருவர் தம் கீழுள்ளோரின் மறுப்பைக் கேட்டுத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டமையால் விளைந்த நன்மை இது.

அப்பெட்டியின் திரை, பச்சை கலந்த மங்கிய நிறத்தது. குறுக்கே 160 புள்ளிகளும் நெடுக்கே 144 புள்ளிகளும் உடையது. நான்கு சாயல்களை மட்டுமே காட்டவல்லது. இருளில் அதனைக் காண இயலாது. விரைந்தோடும் உருவம் அதில் தேய்த்த கோலம் போலக் கலங்கித் தோன்றும். அதே காலத்தில் போட்டி நிறுவனங்கள் வண்ணத்திரையுடைய கைப்பெட்டிகளை வெளியிட்டன. அட்டாரியின் லின்க்ஸ் 1989-இலும், சேகாவின் கேம் கியர் 1990-இலும் வந்தன. போட்டியாளரின் பெட்டி வண்ணமுடையதா என்று யோக்கோயார் வினவினார் என்றும், ஆம் என்று கேட்டவுடன் இனி அச்சமில்லை என்று அமைதியுற்றார் என்றும் கூறுவர். வண்ணத்திரை மின்கலத்தை விரைவிற் குடித்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். கேம் கியர் 6 மின்கலங்களை இட்டும் சில மணி நேரமே ஓடியது. கேம் பாயோ 4 மின்கலங்களிற் பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடியது. விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாதது. கரும்பலகையில் வெண்சுண்ணக்கட்டியால் வரைந்த உருவத்துக்கும், காண்போர் தம் மனத்தால் வண்ணந்தீட்டிக்கொள்வர் என்பது யோக்கோயாரின் நம்பிக்கை. மக்கள் அவர் பக்கமே நின்றனர். கேம் பாயும், பின்வந்த அதன் வண்ணப்பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்திற்கு மேல் விற்றன.

1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னவ் என்பவர் ஆக்கிய டெட்ரிஸ் என்னும் கட்டை அடுக்கும் ஆட்டம், கேம் பாயோடு சேர்ந்து உலகைச் சுற்றியது. நம் நாட்டில் கேம் பாயை விலை கொடுத்து வாங்க இயன்றவர் மிகச் சிலரே. ஆயினும் 1990-களில், கட்டை அடுக்கும் ஆட்டமமைந்த வேறு மலிவான கைப்பெட்டிகள் திருவிழாக் கடைகளிலும் கடைத்தெருக்களிலும் விற்கப்பட்டமையை நம் பழைய மாணவர் பலர் நினைவிற் கொண்டிருப்பர். அவர்கள் யோக்கோயாரின் பெயரைக் கேட்டறியார். ஆயினும் அவர் திறந்த வழியிலேயே அப்பெட்டிகளும் வந்தன.

முறைப்போரும் திரட்டும் ஆட்டமும்

விரைந்தோடும் உருவங்களைக் காட்டுதற்கு ஏலாத அத்திரை, முறைவைத்துப் போர்புரியும் ஆட்டங்களுக்கு மிக ஏற்றதாயிற்று. முறைப்போரில் உருவங்கள் நின்ற இடத்தே நிற்கும். ஆடுவோன் எண்ணிப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துவான். பின்னர் எதிரி விடையிறுப்பான். இடையில் பேருந்து நின்றாலும், தாய் அழைத்தாலும் இழப்பில்லை. கேம் பாய் வெளிவந்த அதே 1989-ஆம் ஆண்டு டிசம்பரில், ஸ்குவேர் நிறுவனத்தாரின் சாகா என்னும் ஆட்டம் வந்தது. மாடமேல் மாடமாக உயர்ந்த கோபுரத்தில் ஏறி, பொருள்களைத் திரட்டி, முறைப்போரிட்டு மேற்செல்லும் அவ்வாட்டம், அவ்வகையில் கேம் பாய்க்கு வந்தவற்றுள் முதலாவது. பத்து லட்சத்துக்கு மேல் விற்று, அந்நிறுவனத்தின் பெருவெற்றியாகவும் அது விளங்கியது.

அதனினும் பெரியது 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் வெளிவந்த போக்கிமான். அதனைப் புனைந்த சத்தோஷி தஜிரி, இளமையில் வண்டும் பூச்சியும் பிடித்துச் சேர்ப்பதிற் பெருவிருப்புடையவர். நம் ஊர்ச் சிறுவர் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து, இலை இட்டு வளர்த்து, பள்ளிக்குக் கொண்டுவந்து ஒருவர்க்கொருவர் காட்டி மகிழ்வது போன்றதே அது. நகரம் பெருகி வயலும் குட்டையும் மறைந்தபின், அம்மகிழ்ச்சியைப் பிற்காலச் சிறுவர்க்கு எவ்வாறு தருவது என்று தஜிரி எண்ணினார். கேம் பாயில் இரு பெட்டிகளை ஒரு கம்பியால் இணைக்கும் வசதி தொடக்கத்திலேயே இருந்தது. அக்கம்பியின் வழியே ஒரு பெட்டியிலுள்ள பூச்சி மற்றொரு பெட்டிக்கு ஊர்ந்து செல்வதாக அவர் உள்ளத்திற் கண்ட காட்சியே போக்கிமானுக்கு வித்தாயிற்று.

அவ்வாட்டத்தில் திரட்டத்தக்க விலங்குகள் நூற்றைம்பதுக்கு மேல். ஆயின் அது சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வந்தது. ஒன்றில் உள்ள விலங்குகள் சில மற்றொன்றில் இல்லை. ஆகவே, எத்துணைத் திறமுடையவனும் தனித்திருந்து அனைத்தையும் சேர்த்தல் இயலாது. நண்பனை நாடிச் சென்று, கம்பியால் இணைத்து, தன்னிடமுள்ளதைக் கொடுத்து, இல்லாததைப் பெறவேண்டும். தனியே குனிந்து ஆடும் ஆட்டத்துக்கும் துணைவன் இன்றியமையாதவன் ஆனான். கேம் பாய் பழையதாகிவிட்டது என்று பலரும் கைவிடவிருந்த நேரத்தில், இவ்வாட்டம் அதற்குப் புத்துயிர் அளித்தது. யோக்கோயார் இதனை ஆக்கினாரல்லர். ஆயினும் அவர் அமைத்த எளிய நிலத்திலேயே இது விளைந்தது.

தோல்வியும் விலகலும்

யோக்கோயாரின் வாழ்க்கையில் தோல்வியே இல்லை என்று கூறினால், அது வரலாறாகாது, புகழ்மாலையாகும். 1995-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் முயற்சியால் வர்ச்சுவல் பாய் என்னும் கருவி வெளிவந்தது. மேசைமேல் தாங்கியில் நிறுத்தி, கண்களை அதனுள் பதித்து நோக்கினால், கருநிறப் பின்னணியில் செந்நிற உருவங்கள் ஆழமும் அணிமையும் உடையனவாகத் தோன்றும். செலவு குறைதற்பொருட்டுச் செந்நிறம் ஒன்றே மேற்கொள்ளப்பட்டது. அதனை நோக்கியோர் கண் நோவும் தலைவலியும் உண்டாதல் கண்டு குறை கூறினர். 8 லட்சங்கூட விற்காமல், ஓராண்டு நிறைவதற்குள் அக்கருவி கைவிடப்பட்டது.

இத்தோல்வியிலும் கற்பதற்கு உண்டு. சிக்கனம் கேம் பாய்க்கு வலிமையாயிற்று. வர்ச்சுவல் பாய்க்கோ அதுவே குறையாயிற்று. முதிர்ந்த நுட்பமும் குறைந்த விலையும் தாமாகவே வெற்றி தருவன அல்ல. ஆடுவோனுக்கு அவற்றால் விளையும் இன்பமே அளவுகோல். அன்றியும், கேம் பாயை ஒரு சிறுவன் ஆடினால், தோள்மேலாகப் பிறர் நால்வர் எட்டிப் பார்த்து மகிழ்வர். வர்ச்சுவல் பாயில் முகம் புதைத்தவனுக்கோ அருகிருப்பவரும் இல்லாதவரே. விளையாட்டின் உயிராகிய கூட்டுறவு அதில் அற்றுப்போயிற்று என்பது எம் கருத்து.

1996-ஆம் ஆண்டு ஜூலையில், கேம் பாயினும் சிறிய கேம் பாய் பாக்கெட் வெளிவந்தது. அதனை முடித்துக் கொடுத்தபின், ஆகஸ்டு 15-ஆம் நாள் யோக்கோயார் நிண்டெண்டோவை விட்டு விலகினார். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட தொண்டு அன்றோடு முடிந்தது. வர்ச்சுவல் பாயின் தோல்வியே காரணம் என்று பலர் எழுதினர். யோக்கோயாரோ தனித்தொழில் தொடங்கும் எண்ணம் தமக்கு நெடுநாளாகவே உண்டென்று கூறினார். கியோட்டோவிலேயே கோத்தோ என்னும் சிறு நிறுவனத்தை அவர் தொடங்கினார். ஐம்பத்தைந்து வயதை அணுகிய நிலையில், பெருநிறுவனத்தின் நிழலை விட்டு, முதற்படியிலிருந்து மீண்டும் ஏறத் துணிந்தமை அவரது உள்ளத்தின் இளமையைக் காட்டும்.

மறைவு

பண்டாய் நிறுவனத்தாருக்காக வொண்டர்ஸ்வான் என்னும் புதிய கைப்பெட்டியை ஆக்கும் பணியில் யோக்கோயார் ஈடுபட்டார். கேம் பாய்க்கு 4 மின்கலங்கள் வேண்டும். கேம் பாய் பாக்கெட்டுக்கு அதனினும் சிறிய மின்கலம் 2 போதும். இதற்கோ ஒரே மின்கலம் போதும் என்னும் அளவுக்குச் சிக்கனம் முதிர்ந்தது. ஆயின் அதன் வெளியீட்டைக் காணும் பேறு அவருக்கு வாய்த்திலது.

1997-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், இஷிகாவா மாகாணத்தில், ஹொக்குரிக்கு நெடுஞ்சாலையில், அவர் சென்ற வண்டி முன்சென்ற வண்டியொன்றன்மீது மோதியது. மோதலின் விளைவை அறியச் சாலையில் இறங்கி நின்றபோது, பின்வந்த மற்றொரு வண்டி அவரைத் தாக்கியது. அதனால் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 56. வொண்டர்ஸ்வான் 1999-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. அதற்கென அமைந்த கோடுகளை இணைக்கும் ஆட்டம் ஒன்றுக்குக் குன்பெய் என்றே பெயரிட்டு அவர் நினைவைப் போற்றினர். 2003-ஆம் ஆண்டில் உலக ஆட்டப் புனைவோர் சங்கத்தார் வாழ்நாட் சாதனைக்கான விருதை அவர் பெயருக்கு வழங்கினர்.

முடிவுரை

சிறுவர் பொழுதை வீணாக்கும் பொருளைச் செய்தவரைப் போற்றுதல் தகுமோ என்னும் வினா எழலாம். யாமும் பேருந்திலும் விடுதியிலும் அவ்வாறு குனிந்திருந்த மாணவரைக் கடிந்ததுண்டு. இக்காலத்துக் கைத்தொலைபேசியில், முடிவென்பதே இல்லாத ஆட்டங்களும், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களும் பல குடும்பங்களைக் கெடுத்திருத்தலை மறுப்பதற்கில்லை. ஆயின் யோக்கோயாரின் வழி அதுவன்று. சூதாடிகளின் சீட்டால் வளர்ந்த ஆலையைச் சிறுவரின் பொம்மையாற் பிழைக்கச் செய்தவர் அவர். அவர் பெட்டி, ஒருமுறை விலை கொடுத்தபின் மேலும் மேலும் பணம் கேட்டதில்லை. மின்கலம் தீர்ந்ததும் ஓய்ந்தது. நண்பனை அருகில் அழைத்தது. ஆட்டத்தைக் குறைகூறுமுன், அது யாருடைய நலத்துக்காக ஆக்கப்பட்டது என்பதை ஆராய்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறு எமக்கு உணர்த்தியது.

மாணவர்க்கு உரியது மற்றொன்று. பெரிய நிறுவனங்களில் இடம் கிடையாமையால் வாழ்வே முடிந்ததென மனம் சோரும் பட்டதாரிகள் எம் ஊரிலும் உளர். செங்கற்பட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கங்களிலுள்ள ஆலைகளில், படிப்புக்குக் குறைந்த வேலையை ஏற்று, அதனை வெளியிற் சொல்ல நாணுவாரும் உளர். அவர்கள், சீட்டுப் பொறிகளுக்கு எண்ணெயிட்டுக்கொண்டிருந்த யோக்கோயாரை நினைப்பாராக. அவரிடம் இருந்தவை ஒரு கடைசல் பொறியும், ஓய்வு நேரமும், சலியாத ஆர்வமுமே. அருகிருந்தவன் பொழுதுபோகாமல் பொத்தானை அழுத்தியதைப் பலரும் கண்டிருப்பர். யோக்கோயார் ஒருவரே அதனைக் கவனித்தார். புதிய கருவியும் பெரும்பொருளும் கிடைத்தாலன்றி எதுவும் செய்தற்கியலாது என்று காத்திருப்போர், காத்துக்கொண்டே இருப்பர். எல்லோர்க்கும் தெரிந்த, எங்கும் மலிந்த, பழையது என்று பிறர் ஒதுக்கிய பொருளை எடுத்து, அதனால் பிறர்க்கு ஆவது யாது என்று வினவுபவனே வழி காண்பான்.

மதுராந்தகத்துக்குச் செல்லும் பேருந்தில் இனி யாம் ஒரு மாணவன் முறைப்போர் ஆடுதலைக் கண்டால், கடிவதற்கு முன் அருகமர்ந்து சிறிது நேரம் நோக்குவோம். அவ்வாட்டத்தின் வரலாற்றையும் அவனுக்குச் சொல்வோம்.